தொலைபேசியில் தூக்கிய புருவம்

உலகத்தில் எத்தனையோ இனங்கள் தங்கள் பண்பாட்டைத் தாங்களே வாழ்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன, பாவம். அவர்களுக்கெல்லாம் ஓர் ஒருங்கிணைப்பாளர் கிடைக்கவில்லை. வடதுருவப் பனிநிலத்தில் வாழும் எங்கள் இனுயிட் மக்களுக்கு அந்தக் குறை கிடையாது. தெற்கே இருக்கிற பெரிய மனிதர்கள் 'இனுயிட் பண்பாடு, குடும்பம் மற்றும் சமூகச் செழுமை நிதித் திட்டம்' என்ற ஒன்றைத் தோற்றுவித்து, அதன் ஊர் ஒருங்கிணைப்பாளராக அடியேனை நியமித்திருக்கிறார்கள். என் பெயர் மொசேசி.

பதவி ஏற்ற நாளிலிருந்து நான் உறைந்த கடல்மேல் கால் வைத்ததில்லை. 'நிலத்துக்குத் திரும்புதல்' பற்றி அறிக்கை எழுதவே நேரம் போதவில்லை. தெற்கே ஒரு நட்சத்திர ஓட்டலில் சீல் என்னும் கடல்நாய் வேட்டையைப் பற்றி நான் ஆற்றிய உரையைக் கேட்டு ஒரு பேராசிரியர் கண் கலங்கிவிட்டார். அந்த உரையை எழுதும்போது நான் தின்றுகொண்டிருந்த சீல் கறி என் மைத்துனன் வேட்டையாடியது என்பதை அவரிடம் சொல்லி நெகிழ்ச்சியைக் கெடுப்பானேன்?

இந்தத் திட்டத்தின் மகிமையைச் சோதித்துப் பார்க்க வந்தவள் என் சித்தப்பா மகள் லீட்டியா. அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். இறந்துபோன தன் தாயின் பெயரை அவளுக்கு வைத்திருப்பதால், எங்கள் வழக்கப்படி லீட்டியா மகளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் ஆள் நெரிசல் அதிகம் என்று காரணம் சொல்லி, குழந்தைநல அதிகாரிகள் போன வருடம் அந்த 'அம்மா'வைத் தெற்கே ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். பெரிய வீடு கட்டித் தருவது வேறு இலாகா. அதில் நாம் தலையிடக்கூடாது. ஆனாலும் கருணையோடு ஒரு வழி சொன்னார்கள். நிதித் திட்டத்தின் பெயரில் வசந்தகால வேட்டை முகாம் ஒன்று நடந்தால், அது முடியும்வரை சிறுமியை அனுப்பி வைப்பார்களாம்.

"அண்ணே, எங்கம்மாவுக்கு நம்ம பேச்சு மறந்துக்கிட்டே வருது. போன்ல நான் என்ன சொன்னாலும் 'சாரி'ங்கறா. இந்த முகாமாவது நடக்கணும்" என்றாள் லீட்டியா.

நான் அவளுக்கு உறுதி கொடுத்தேன். கோப்புகளைத் தயாரித்தேன். அந்த முகாமுக்கு நான் வைத்த தலைப்பு மட்டும் மூன்று வரி.

முன்பெல்லாம் தெற்கிலிருந்து திட்ட அதிகாரி ரோஸ்லின் அம்மையார் நேரிலேயே வந்து ஊர்க்குழுவின் சம்மதத்தைக் கேட்பார். இந்த ஆண்டு சிக்கனம், தொலைபேசியில் கூட்டம். மேசை நடுவில் ஒலிபெருக்கியோடு தொலைபேசி. சுற்றிலும் குழுத் தலைவரான வேட்டைக்காரர் அக்சாயுக், தோல் உடை தைக்கிற ஊலிபிகா, அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் மொழிபெயர்க்க நான். கதவோரம், கூட்டத்தில் பேச உரிமையில்லாத லீட்டியா. அதிகாரிகளோடு மல்லாடி மல்லாடி அவளுக்கு ஆங்கிலம் நன்றாகவே வந்துவிட்டது.

"முதல் பொருள், குடும்ப வேட்டை முகாம். குழு இதை ஆதரிக்குதா?" என்றார் அம்மையார்.

நான் மொழிபெயர்த்தேன். அக்சாயுக் புருவத்தை உயர்த்தினார். ஊலிபிகா உயர்த்திய உயர்த்தலில் அவள் கம்பளித் தொப்பியே மேலேறியது. எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு வாயைச் செலவழிப்பதில்லை. புருவம் உயர்ந்தால் ஆமாம், மூக்கு சுருங்கினால் இல்லை.

"ஹலோ? இருக்கீங்களா?"

இருவரும் மறுபடி புருவத்தை உயர்த்தினார்கள். இருக்கிறார்களே.

"மொசேசி, குழு ஆதரிக்குதா, சொல்லுங்க?"

நான் தயங்கவே இல்லை. தொலைபேசியை நேருக்கு நேர் பார்த்து, என் இரண்டு புருவங்களையும் உச்சிவரை தூக்கினேன். பண்பாடு என்றால் இதுவல்லவா பண்பாடு! சம்பளம் வாங்காத நேரத்திலும் அது நம்மை விடுவதில்லை.

"புரியுது" என்றார் அம்மையார் குரல் தழுதழுக்க. "இந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். உங்க மௌனத்துக்கு ஆழமான அர்த்தம் உண்டுன்னு எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருக்காங்க. முகாம் வேண்டாம். அடுத்த வருஷம் பாப்போம்."

நான் பதறிப்போய் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் இரண்டாவது பொருளுக்குப் போய்விட்டார். ஒருங்கிணைப்பாளர் பதவியை, அதோடு சேர்ந்த அலுவலர் வீட்டையும், மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிப்பது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

திறந்த வாயால் அதை, 'நீட்டிக்கலாமா?' என்று சுருக்கி மொழிபெயர்த்தேன். அக்சாயுக் மூக்கைச் சுருக்கினார். ஊலிபிகாவின் மூக்கு இருந்த இடமே தெரியவில்லை.

"ஆட்சேபம் இல்லை. ஏகமனதா நிறைவேறிடுச்சு. வாழ்த்துகள், மொசேசி."

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

கூட்டம் முடிந்தது என்று குழுவுக்கு அறிவித்தேன். எப்படி முடிந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. தாங்கள் சொன்னபடிதான் முடிந்திருக்கும் என்ற நம்பிக்கை. ஊலிபிகா நேரே ஊர் வானொலிக்குப் போய், முகாம் உண்டு, எல்லோரும் கூடாரத்தைத் தைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அக்சாயுக் என் தோளைத் தட்டி, வேலை போனதற்காக மனதைத் தளரவிடாதே, முகாமுக்கு வா, ஒரு பெரிய சீலாகப் பிடித்துத் தருகிறேன் என்று ஆறுதல் சொன்னார். என்னிடம் அவருக்கு விரோதம் ஏதும் இல்லை. நான் எதற்கு இருக்கிறேன் என்பது மட்டும்தான் அவருக்குப் புரியவில்லை.

லீட்டியா போகவில்லை.

"அண்ணே, திரும்ப போனைப் போடுங்க. புருவம் தூக்கினா ஆமான்னு அர்த்தம்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை."

நான் தொலைபேசியைக் கையில் எடுத்தேன். எடுத்தது நிஜம். பிறகு நிர்வாக நுட்பம் ஒன்று கண்ணில் பட்டது. முதல் மௌனத்துக்கு அர்த்தம் சொன்னால், அந்தம்மா இரண்டாவது மௌனத்துக்கும் அர்த்தம் கேட்பாரே? ஒருங்கிணைப்பாளர் என்பவர் எதையும் அவசரப்பட்டு விளக்கிவிடக் கூடாது. உரிய வழியில், உரிய காலத்தில், எழுத்து மூலம் தெரிவிப்பதே முறை. தொலைபேசியை மெதுவாகக் கீழே வைத்தேன்.

லீட்டியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கைப் பத்தியும் சொல்லணுமேன்னு யோசிக்கிறீங்க. அதானே?"

என் புருவம் தானாக உயர்ந்தது. அவள் தலைமூடியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

முகாம் நடக்காமல் போகவில்லை. திட்டத்தில் நிதி இல்லை என்று தெரிந்ததும் அக்சாயுக் தன் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, பனிவண்டியில் கூடாரங்களை ஏற்றி ஊரையே கூட்டிப்போனார். நிதி பெறாத முகாம் முகாமே அல்ல என்பதால், லீட்டியாவின் 'அம்மா'வை மட்டும் தெற்கிலிருந்து அனுப்பவில்லை. அது விதி. விதியை நான் மதிக்கிறேன்.

ஆகவே, இந்தத் திட்டத்தால் ஓர் இனுயிட் குடும்பம்கூட ஒன்றாக இருக்கவில்லை என்று யாராவது புறம் பேசினால் நம்பாதீர்கள். என் மனைவியும் பிள்ளைகளும் என்னோடுதான் இருக்கிறார்கள். நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பதவியோடு வந்த வீட்டில் ஓர் அறை காலியாகவே கிடக்கிறது.