திருகு ஒரு சுற்று, குழவி நூறு சுற்று

ஆண்பிள்ளை ஆட்டுக்கல் பக்கம் போகக் கூடாது என்று கல்யாணத்தன்றே தீர்மானம் போட்டவன் நான். பதினோரு வருஷம் தீர்மானம் நின்றது. எண்பத்தாறில் என் மனைவி தீர்த்தம்மாளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தீர்மானம் விழுந்தது.

அதியமான்கோட்டை ரோட்டில் எனக்குக் கேசட் கடை. பாட்டுப் பதிந்து கொடுப்பேன், டேப் ரிக்கார்டர் ரிப்பேரும் பார்ப்பேன். ஆகவே வீட்டு ஒப்பந்தமும் கேசட்டில்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏ பக்கம் ஓடி முடியும்வரை அவள் மாவாட்டுவாள். பி பக்கத்துக்கு நான். பக்கத்துக்கு அரை மணி. கடிகாரம் வேண்டாம் என்றுவிட்டாள். கடிகார முள்ளை நான் ஏற்கெனவே ஒருமுறை தள்ளி வைத்து அவளிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

டேப்புக்குள் மோட்டாரில் ஒரு சின்னத் திருகு உண்டு. பின்னால் உள்ள ஓட்டை வழியாக அதை ஒரு சுற்று முறுக்கினால் பாட்டு ஓட்டமாய் ஓடும். கேசட்டைத் திருப்பும் சாக்கில் முறுக்கினேன். உருக்கமான சோகப் பாட்டு அணில் சண்டைபோல் கீச்சிட்டது. இருபதே நிமிஷம். பி பக்கம் காலி! முடிந்ததும் திருகைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டேன்.

"ஏங்க, பாடற ஆளுக்கு என்னாச்சுங்க?"

"பி பக்கம் அப்பிடித்தான் தீர்த்தம்மா. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு அவசரமா பாடியிருக்கான்."

"எந்த பஸ்சுங்க?"

"கம்பைநல்லூர் கடேசி பஸ்சு."

"அய்யோ பாவம்," என்றாள்.

பாவம் நானா அவளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மூன்று ஞாயிறு ராஜவாழ்க்கை வாழ்ந்தேன்.

நாலாவது ஞாயிறு நான் குளித்துவிட்டு வருவதற்குள் தன் பங்கை முடித்துவிட்டதாகச் சொன்னாள். கேசட்டைக்கூட அவளே திருப்பிப் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்தர் பேகம் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் குழவியைப் பிடித்தேன். பாட்டு எழுந்தது. பெண்குரல் ஆணாகி, ஆண்குரல் எருமையாகி, எருமையும் தூங்கிவிட்டது.

"தீர்த்தம்மா! டேப்பு இழுக்குது!"

"இழுக்கலைங்க. அந்தாளு பஸ்ச வுட்டுட்டாரு. இனி என்னா அவசரம், நிதானமா பாடறாரு."

"ஆமாண்ணே," என்றாள் அக்தர் பேகம். "ஒவ்வொரு எழுத்தா வெளங்குது. நல்லா இருக்குது."

யாரோ திருகைத் தொட்டிருக்கிறார்கள் என்று கத்த வாய் வந்தது. கத்தினால் திருகு என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டினேன். அரிசி மசிந்தது, உளுந்து மசிந்தது, நானும் மசிந்தேன். ஐம்பது நிமிஷம் ஆகியும் கடைசிப் பாட்டு வரவில்லை.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து, ஸ்குரூ டிரைவரை டேப்பின் ஓட்டையில் விட்டேன். திருகு அசையவில்லை. தலை நிறைய சிவப்பு நகப்பாலிஷ்! இனி ஆடக் கூடாத திருகுக்குக் கடையில் நாங்கள் வைக்கும் முத்திரை அது. காய்ந்தால் கல்.

திரும்பினால் பின்னால் தீர்த்தம்மாள். கையும் களவுமாகப் பிடிபட்டாலும் வக்கீல் புத்தி போகவில்லை. "இத இப்பிடிப் பூட்டிட்டா உன்னோட பக்கமும்தான் ஐம்பது நிமிசம் ஓடும். அது தெரியுமா?" என்றேன்.

"என் பக்கத்த காலையிலேயே அக்தர் பேகம் அக்கா டேப்புல ஓட்டிட்டேங்க. இருபது நிமிசங்க. போன மாசம் அது ரிப்பேருக்கு வந்தப்ப, எப்பிடி முறுக்கணும், எப்பிடிப் பூட்டணும்னு நீங்கதான் அவங்களுக்கு விவரமா சொல்லிக் குடுத்தீங்களாமே?"