எரியாத விறகும் சிவப்புச் சீட்டு அண்ணையும்

லண்டன் தமிழருக்குள் அவரைப்போல் ஒருமனதாக வெறுக்கப்பட்ட மனிதர் இன்னொருவர் கிடையாது. கோயில், ஊர்ச்சங்கம், அரசியல் என்று எதிலும் ஒத்துப்போகாத எங்கள் சனம் அவர் விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசும். குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த விசாக் கடிதத்தைத் தேநீர் குடித்தபடி ஆறுதலாகப் பிரித்தவர்கள்கூட, இவர் கேற்றைத் திறக்கும் சத்தம் கேட்டால் பின்கதவைத் தேடுவார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. காஸ் வேலைக்கு முறையான லைசென்ஸ் வைத்திருந்தார். அதைத் தாலிபோல் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டுச் சிவப்புச் சீட்டு. ‘ஆபத்து, பாவிக்க வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்தது. பொயிலரோ, ஹீட்டரோ, அடுப்போ, அவருக்குத் திருப்தி இல்லையென்றால் காஸை மூடிவிட்டு அதில் ஒன்றைக் கட்டிவிடுவார். அதனால் சிவப்புச் சீட்டு அண்ணை.

மற்ற மனிதர்கள் ஒரு வீட்டுக்குள் வந்தால் சுவாமி படத்தைப் பார்ப்பார்கள், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படத்தைப் பார்ப்பார்கள், பொறாமையில் சோபாவைப் பார்ப்பார்கள். இவர் மூக்கை உயர்த்திக்கொண்டு, வீட்டைச் சூடாக்குகிற பொயிலரைத் தேடுவார். அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடைக்காரர் மகனின் பிறந்தநாளுக்கு இவரையும் அழைத்துத் தொலைத்தார். கை கழுவப் போனவர் அரைமணித்தியாலமாக வரவில்லை. வந்தபோது வீடு குளிர ஆரம்பித்திருந்தது. பிள்ளை கம்பளித் தொப்பியோடு கேக் வெட்டினான். படங்களைப் பார்த்தால் ஏதோ பனிமலையில் எடுத்ததுபோல் இருக்கும்.

தேவாலய மண்டபத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. நத்தார் ஒளிவிழா அன்று மேடைக்குப் பக்கத்திலிருந்த பழைய ஹீட்டரில் சீட்டுக் கட்டினார். அந்த வருடம் சம்மனசு வேடம் போட்ட பிள்ளைகள் செட்டைக்கு மேல் ஜக்கெற் போட்டுக்கொண்டு இயேசு பாலனுக்குத் தாலாட்டுப் பாடினார்கள். பாதிரியார் பொறுமையான மனிதர். “ஐசே, நீர் அடுத்த வருஷம் சைவக் கோயிலுக்குப் போகலாமே?” என்று மட்டும் கேட்டார்.

“அங்கையும் போனனான் ஃபாதர். மடப்பள்ளியை மூடிப்போட்டுத்தான் வந்தனான்.”

இப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்திலேயே அதிகம் பிடிக்காத பொருள் ஒன்று இருந்தது. வரவேற்பறைச் சுவரில் காஸில் எரிகிற விறகு நெருப்பு. விறகு என்றால் விறகல்ல. மரப்பட்டை வரைந்த பீங்கான் கட்டை. கீழே காஸ் குழாய், மேலே புகைக்கூடு, நடுவில் பொய். எரிந்தும் தீராத விறகு, சாம்பல் விழாத அடுப்பு, வெட்டின கையில் சிராய்ப்பில்லாத நெருப்பு. நடுத்தர வயதில் மனிதன் வாங்குகிற பொய்களில் மிக அழகானது அதுதான். நானும் வாங்கினேன்.

பதினேழு வருடம் மற்றவர்களுடைய வீட்டு அறைகளில் குடியிருந்துவிட்டு, வால்தம்ஸ்டோவில் சொந்தமாக ஒரு வீடு எடுத்தோம். பழைய புகைக்கூட்டோடு கூடிய வரவேற்பறை. அதில் இந்த நெருப்பைப் பூட்டுவித்தேன். சாவி கைக்கு வந்து ஒரு கிழமை, வேலை முடிந்து நானும் மனைவியும் அங்கே போய்ச் சுவருக்குப் பெயின்ற் அடித்தோம். நான் மாடியில், அவள் வரவேற்பறையில், எரிகிற நெருப்புக்கு முன்னால். பெயின்ற் மணம் போவதற்காகக் குசினியில் புகை இழுக்கிற பெரிய விசிறியைப் போட்டுவிடுவோம். குழம்பு மணத்துக்குப் பயந்து எங்கள் சனம் பூட்டுகிற விசிறி அது. சின்னப் பிள்ளை கிட்டப் போனால் தலைமயிர் நட்டுக்கொண்டு நிற்கும்.

சனிக்கிழமை வீடு குடிபுகுதல். காலை பத்தேகாலுக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில் பால் காய்ச்ச வேண்டும். மனைவிக்கு அந்த அரைமணித்தியாலம்தான் எல்லாம். இருந்த வாடகை அறைகளில் ஒன்றில்கூட அவளுக்கென்று ஒரு அடுப்பு இருந்ததில்லை. தன் சொந்த வீட்டில் நல்ல நேரத்தில் பால் பொங்கி வழிவதைப் பார்க்க வேண்டும். பொங்காவிட்டால் இந்த வீடு எங்களை ஏற்கவில்லை என்றே அவள் எடுத்துக்கொள்வாள்.

ஐயர் குசினிக்குள் போன வேகத்தில் திரும்பி வந்தார். “அடுப்பில நெருப்பைக் காணேல்லை?”

“அது இண்டக்‌ஷன் ஐயா. கரண்டில சுடும்.”

“கண்ணாடியில வைச்சுப் பால் காய்ச்சவோ? அக்கினி கண்ணுக்குத் தெரியவேணும் தம்பி.”

மனைவியின் அண்ணர், எனக்கு மச்சான், எந்தச் சிக்கலுக்கும் தன்னிடம் விடை உண்டென்று நம்புகிறவர். “வீட்டிலதானே நெருப்பிருக்கு!” என்று வரவேற்பறைக்குப் பாய்ந்தார். மூன்று பீங்கான் கட்டைகளை எடுத்து, அடுப்புக் கல்போல நெருக்கி வைத்து, நெருப்பை மூட்டி, பானையை ஏற்றிவிட்டார். ஐயர் தலையாட்டினார். அறையில் நாற்பது பேர். வெளியே தூறல், கதவு ஜன்னல் எல்லாம் பூட்டு. குசினியில் வடை பொரிகிறது, விசிறி உறுமுகிறது.

அந்த நேரம் பார்த்துச் சிவப்புச் சீட்டு அண்ணை உள்ளே வந்தார். கோயிலில் கண்டு, என்னிடம் சொல்லாமல், மனைவி அழைத்திருக்கிறாள்.

வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை. “ஆர் இந்தக் கட்டையைத் தொட்டது?”

“நான்தான். அதுக்கென்ன இப்ப?” என்றார் மச்சான்.

“இது சும்மா அடுக்கிறதில்லை. எந்தக் கட்டை எங்கை இருக்கவேணும் எண்டு படம் போட்டுத் தந்திருப்பான். மாறிப்போனா நெருப்பு கட்டையில முட்டிக் கரி கக்கும். காஸ் வடிவா எரியாது.”

“அண்ணை, இண்டைக்கு நல்ல நாள். வகுப்பெடுக்காதேங்கோ.”

அவர் காதில் விழுத்தவில்லை. பையிலிருந்து புகைக்குச்சி ஒன்றை எடுத்துப் பற்றவைத்து நெருப்பின் மேல்விளிம்பில் பிடித்தார். புகை மேலே, புகைக்கூட்டுக்குள் போக வேண்டும். அது போகவில்லை. வளைந்து, அறைக்குள் வந்து, ஐயரைச் சுற்றிக்கொண்டு, வடை மணம் பிடித்த விருந்தாளிபோல் நேரே குசினிக்கு நடந்தது.

“ஃபேனை நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினார். “அது புகைக்கூட்டால காத்தைக் கீழ இழுக்குது. அறைக்குக் காத்து வாற ஓட்டை எங்கை?”

சொல்லிக்கொண்டே ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, சுவரைத் தடவித் தடவி வந்து பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றார்.

“ஐயோ, பிள்ளையாரில கை வைக்காதேங்கோ!” என்றார் மச்சான்.

பிள்ளையார் இறங்கினார். பின்னால் சுவரில் காற்றுத் துவாரம். அதன்மேல் அட்டைப்பெட்டி ஒட்டுகிற மண்ணிற ரேப், மூன்று அடுக்கு.

“ஆர் ஒட்டினது?”

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“குளிர் வந்தது,” என்றேன்.

ஒரு திருகல். நெருப்பு அணைந்தது. சீட்டு ஏறியது. பத்து முப்பத்தொன்று. பானையில் பால் ஆடைகூடக் கட்டவில்லை.

அந்தக் கணம் நான் அவரை மனமார வெறுத்தேன். புத்தகம் தின்ற மனிதர், சட்டம் குடித்த மனிதர், ஒரு பெண்ணின் அரைமணித்தியாலத்தை மூன்று விரலால் திருகி அணைக்கத் தெரிந்த மனிதர். “வெளிய போங்கோ,” என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, இந்த அறையில இருந்தா உமக்குத் தலை இடிக்கிறதோ?”

“ஓம் அண்ணை. பெயின்ற் அடிச்ச நாள் முழுக்க. வயித்தைப் பிரட்டிச் சத்தியும் வாறமாதிரி. பெயின்ற் மணத்துக்கு...”

“வெளிய போனா?”

“சுகமாயிடும்.”

“பெயின்றுக்கு மணம் இருக்கு தங்கச்சி,” என்றார் மெதுவாக. “வடிவா எரியாத காஸ் கக்கிற நஞ்சுக்கு இல்லை.”

ஒரு கிழமையாக அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தபோதெல்லாம் பனடோல் எடுத்துக் கொடுத்தவன் நான். ரேப் ஒட்டினவனும் நான். அவளுடைய முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் அவள் பார்த்தது பானையைத்தான்.

“எத்தினை மணிவரைக்கும் நேரம்?” என்று சிவப்புச் சீட்டு அண்ணை ஐயரிடம் கேட்டார்.

“பத்தே முக்கால். இன்னும் பன்னிரண்டு நிமிஷம்.”

“தோட்டத்தில செங்கல் இருக்கோ? எல்லாரும் வெளிய வாங்கோ. குடை ஒண்டும் கொண்டுவாங்கோ.”

வேனுக்கு ஓடினார். அவர் ஓடி அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்திருந்தாலும் நட்டமில்லை. திரும்பி வந்தபோது கையில் செப்புக் குழாய்களை உருக்கி ஒட்டுகிற தீக்குழல். செங்கல் மூன்றை வைத்து, பானையை ஏற்றி, ஈரப்புல்லில் முழங்காலிட்டு, நீல நெருப்பைச் சீறவிட்டார். மச்சான் வாய் திறக்காமல் குடை பிடித்தார்.

“ஐயா, அக்கினி தெரியுதோ?”

“காணும், காணும். கொஞ்சம் தள்ளிப் பிடியும், என்ர வேட்டி!”

பத்து நாற்பத்துமூன்றுக்குப் பால் பொங்கியது. நாலு பக்கமும் பொங்கியது. வடக்கே வழிந்ததா கிழக்கே வழிந்ததா என்று சனம் விவாதிக்கக் கழுத்தை நீட்டியது. அது அவருடைய சப்பாத்துக்குள்தான் வழிந்தது. “அரோகரா!” என்று யாரோ கத்த, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஜன்னலைத் திறந்து கை தட்டினாள். மனைவி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் மழையில் துடைத்தாள்.

பாலின் அடி கருகிவிட்டது. அதை வாயில் வைத்த முதல் ஆள் அவர்தான். துப்பிவிட்டு, “சரியான பாத்திரம் இல்லை இது,” என்று குறை சொன்ன முதல் ஆளும் அவர்தான்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபின் பின்னேரம்வரை இருந்தார். ரேப்பை உரித்தார். கட்டைகளை ஒவ்வொன்றாக, படத்தைப் பார்த்துப் பார்த்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறமாதிரி வைத்தார். மீண்டும் பரிசோதிக்க ஒரு நாள் குறித்தார். பிள்ளையாரை வேறு சுவரில் தொங்கவிட்டார், கோணலாக. முழு நேரமும் திட்டினார்: என்னை, மச்சானை, பீங்கானை, அழகுக்காக மஞ்சளாய் எரிகிற நெருப்பை, அதன் சூட்டில் முக்கால்வாசி வானத்துக்குப் போவதை. “வடிவு எண்டு நினைச்சுக் கும்பிடுறியள். வடிவு எப்பவும் கொஞ்சம் கரி கக்கும். வருஷா வருஷம் பாக்கவேணும்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியும் வந்து பார்க்கிறார். வருவது பரிசோதிக்க, போவது அவமதித்துவிட்டு. அவர் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லும்வரை நெருப்பை மூட்டுவதில்லை. இந்த வருடம் முழங்காலில் ஒப்பரேஷன் என்று கோயிலில் சொன்னார்கள். ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போய்விட்டது. வீட்டுக்குள் இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு திரிகிறோம். வேறு ஆளைக் கூப்பிட ஏலாதோ என்று மச்சான் கேட்டார். லண்டனில் காஸ்காரருக்கா பஞ்சம்? கூப்பிடலாம்.

தெருவில் வாகனக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலடிக்குப் போகிறேன். மழை விட்டுவிட்டதா என்று பார்க்கப் போவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.