கேட்டமரான் வாங்க யோசித்த கரடி

ஒரு காட்டில், கடல் வந்து மரங்களின் வேரை நனைத்துவிட்டுப் போகும் ஒரு சதுப்புக் காட்டில், திருமேனி என்றொரு கரடி இருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்றே, இனி மிச்சக் காலமெல்லாம் கடலில்தான் என்று மனைவி கோமளத்திடம் சொல்லிவிட்டார். கோமளத்துக்குச் சந்தோஷம். எதிரே தெரியும் தீவில் அவள் அக்கா நடமாட்டமில்லாமல் படுத்திருந்தாள். முதல் பயணம் அங்கேதான் என்று முடிவாயிற்று.

"என்ன படகு வாங்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"கேட்டமரான்."

"கட்டுமரமா?"

"கட்டுமரம் இல்லை. கேட்டமரான்," என்றார் திருமேனி, கொஞ்சம் மனம் புண்பட்டு.

பிறகு விளக்கினார். ஒற்றை உடல் கொண்ட பாய்மரப் படகு காற்றில் சாயும். இரண்டு உடல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்த கேட்டமரான் சாயாது. அடுப்பில் வைத்த டீ கூடச் சிந்தாது. ஆனால் கவிழ்ந்தால் நிமிராது. அதனால் யோசிக்க வேண்டும். யோசித்தார். மூன்று உடல் கொண்டதும் உண்டென்று செல்போனில் ஒரு வீடியோ சொன்னது, முதலிலிருந்து யோசித்தார். மழைக்காலம் போய், வெயில் வந்து, மறுபடி மழை வந்தது. அக்காவுக்குப் பேச்சு குறைந்துவிட்டதாக நாரைகள் சேதி கொண்டுவந்தன. திருமேனி அப்போது, படகில் சமையலறை மேலே இருப்பதா கீழே இருப்பதா என்கிற கட்டத்தில் இருந்தார்.

ஒரு காலையில் கோமளம் நீர்நாயின் கட்டுமரத்தில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் நனைந்தாள், வாந்தி எடுத்தாள். நடுக்கடலில் காற்று அடித்துப் பாய் கிழிந்தது. ஆனாலும் போய்ச் சேர்ந்து, அக்காவின் கையைப் பிடித்தபடி கடைசிவரை கூடவே இருந்தாள். காரியமெல்லாம் முடித்து, அதே கட்டுமரத்தில் திரும்பினாள்.

வீட்டு வாசலில் கூட்டம். காட்டுச் சங்கம் திருமேனிக்கு 'ஆழ்கடல் சிங்கம்' பட்டம் கொடுத்திருந்தது. கழுத்தில் மாலையோடு, புயலில் பாயை எப்படி இறக்குவது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உப்பு பூத்த உடம்போடு நின்று கேட்ட கோமளத்தால் சும்மா இருக்க முடியவில்லை.

"அப்படி இறக்கினா கிழிஞ்சிடும். எங்களுக்குக் கிழிஞ்சுது," என்றாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. முன்வரிசை முயல் மரியாதையாகத்தான் கேட்டது.

"அம்மா, நீங்க எத்தனை காலமா யோசிக்கிறீங்க?"

திருமேனி பெரிய மனது பண்ணிக் கோமளத்தை மன்னித்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தார்.

நீதி: கடலைக் கடக்க வேண்டியவர்கள் கிடைத்ததில் ஏறலாம், கடலைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் எதிலும் ஏறிவிடக் கூடாது.