டெலிபோன் கட்டத்தில் பழஞ்சோறு

கம்ப்யூட்டரையே காத்திருக்க வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான், அவர் எங்கள் பொறும் அண்ணை. வேறு யாரையாவது சொன்னீர்களோ, நான் சண்டைக்கு வருவேன்.

எண்பத்தொன்பதில் யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பதிந்துவைக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் நானும் அவரும் வேலை பார்த்தோம். யார் எந்த ஊரைவிட்டுப் போய் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. சொந்தக்காரரைத் தேடி வருகிறவர்களுக்கு அதைப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

"அண்ணை, தேத்தண்ணி குடிப்பமோ?"

"பொறும்."

"அண்ணை, கூரை ஒழுகுது!"

"பொறும், எங்கையெண்டு பாப்பம்."

இப்படித்தான் முதுகுக்குப் பின்னால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் விழுந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, காலையும் கழுவவேண்டும். பதிவுகளைச் சேமித்த பிளொப்பித் தட்டுகளைப் பனையோலைப் பெட்டியில் வைத்திருந்தார். இரும்பு அலுமாரிக்குள் காந்தம் இருக்கும் என்று பயம். மின்சாரம் வந்தால் மட்டும் மனிதருக்குப் பொறுமை பறந்துவிடும். சோற்றுக் கையோடு ஓடிவருவார், பிறகு கைகழுவத் திரும்பி ஓடுவார்.

எங்கள் டேட்டாபேஸ் அரதப்பழசு. ஒரு பெயரைத் தேடக் கொடுத்துவிட்டு வெளியே போய் வடை தின்று வரலாம். கொழும்புத் தலைமை அலுவலகம் புதிய பதிப்பை அனுப்பியிருந்தது. அது கண்மூடித் திறப்பதற்குள் தேடிவிடுமாம்.

"மாத்துவமே அண்ணை?"

"பொறும்."

"ஏனெண்டாவது சொல்லுங்கோவன்!"

"பொறும் எண்டால் பொறும்."

மூன்று மாதம் இதே கதை. எனக்கோ இருபத்தைந்து வயது, இரத்தம் கொதிக்காதா?

ஒருநாள் அவர் வல்வெட்டித்துறைக்குச் செத்தவீட்டுக்குப் போனார். அன்று பார்த்து மின்சாரமும் வந்தது. விடுவேனா? காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பழையதை அழித்துப் புதியதைப் போட்டேன். பட்டியல் முழுவதும் மாறியது. டெலிபோன் கட்டத்தில் மட்டும் முன்பு ஏதோ எழுத்துகள் கிடந்தன. புதியது அந்த இடத்தில் எண்களை மட்டுமே ஏற்கும் என்பதால் இப்போது எல்லாம் பூச்சியம். நான் கவலைப்படவில்லை. எங்கள் பட்டியலில் டெலிபோன் உள்ள குடும்பம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலையில் குருநகர் ரெஜினா அக்கா வந்தார். மீன்பிடிக் குடும்பம். ஓடிய ஓட்டத்தில் தம்பி வேறு திசைக்குப் போய் ஒரு வருடமாகத் தகவலில்லை.

"தம்பி, அம்மா படுத்த படுக்கையா கிடக்கிறா. அவனைக் காணாமல் கண்ணை மூடமாட்டனெண்டு நிக்கிறா. கெதியாப் பாருங்கோ ராசா."

பெயர் மரியதாஸ். தட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் பதினொரு மரியதாஸ்! தகப்பன் பெயர் அந்தோனிப்பிள்ளை என்றார். அதற்கும் ஆறு பேர், ஆறும் ஆறு ஊரில். பஸ்ஸும் ஒழுங்காக ஓடாத காலத்தில் ஆறு ஊருக்கும் அலைந்து முடிப்பதற்குள் அந்தக் கிழவி இருப்பாவோ? என் புதிய வேகம் அத்தோடு முடிந்தது.

அந்த நேரம் பொறும் அண்ணை வந்தார். திரையைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. என்னை ஏசுவார் என்று நின்றேன். அவர் ரெஜினா அக்காவிடம் திரும்பினார்.

"பிள்ளை, தம்பியை ஊரிலை என்னெண்டு கூப்பிடுறவை?"

"ஐயோ, அது பட்டமையா. முகத்துக்கு நேரை சொன்னால் அடிக்க வருவான்."

"பரவாயில்லை, சொல்லும்."

"பழஞ்சோறு."

பனையோலைப் பெட்டி திறந்தது. பழைய பதிப்பும் பழைய பட்டியலும் பத்திரமாக இருந்தன. அவற்றை ஏற்றி, டெலிபோன் கட்டத்தில் தேடும்படி இங்கிலீசு எழுத்தில் பழஞ்சோறு என்று தட்டினார். அது தன் பாட்டுக்கு ஆற அமரத் தேடியது. மின்சாரம் போய்விடக் கூடாதே என்று நான் நல்லூர் முருகனைக் கும்பிட்டேன்.

வந்தது. சண்டிலிப்பாய், புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்துக் கொட்டில் வீடு.

"மாதாவே!" என்று ரெஜினா அக்கா அழுதார். அழுதபடியே சிரிப்பும் வந்துவிட்டது. "உந்தப் பெட்டிக்குள்ளையும் அவன் பழஞ்சோறுதானோ?"

மகனைக் கண்டதும் தாய் எழும்பியிருந்து கஞ்சி குடித்தாவாம். பிறகு கேள்விப்பட்டோம்.

"ஏனண்ணை எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"ஆக்களின்ரை பட்டத்தைக் கந்தோர்ப் பட்டியலிலை எழுதி வைச்சிருக்கிறனெண்டு தெரிஞ்சால் எனக்கு உதை விழும். ஆனால் எங்கடை சனத்தைப் பேரை வைச்சுக் கண்டுபிடிக்கேலுமே? அதுதான் ஊராக்களிட்டைக் கேட்டு, சும்மா கிடந்த கட்டத்திலை போட்டனான்."

"அப்ப புதுசு வேண்டாமோ?"

"வேண்டாமெண்டு ஆர் சொன்னது? பொறும் எண்டுதானே சொன்னனான். உதிலை பட்டத்துக்கெண்டு ஒரு கட்டம் போடும். பிறகு மாத்துவம்."

போட்டேன். ஒவ்வொரு பட்டமாக அவர் வாசிக்க, நான் தட்டினேன். ஒரு மாதம் சிரித்தே வயிறு நொந்தது. அவரும் வீடுவாசலை விட்டு வந்தவர்தான், பட்டியலில் இருந்தார். அவருடைய பதிவு வந்தபோது, "PORUM" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் வாசித்தார். நான் குனிந்துகொண்டேன். அடுத்தது என்னுடையது.

"AVASARAM," என்றார். "தட்டும்."

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தபோது அந்த அலுவலகமும் போனது, பெட்டியும் போனது. அவர் எந்தப் பக்கம் போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் யாராவது எங்காவது கண்டால் ஒன்று சொல்லுங்கள். அவசரம் இன்னும் பொறுத்துக்கொண்டுதான் நிற்கிறான், அண்ணை.