ரப்பர் காலுக்கு வந்த நேர்த்திக்கடன்

மதிப்புக்குரிய சிற்றம்பலம் ஐயா அவர்களுக்கு,

பசறை பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் இராமையா வணக்கத்துடன் எழுதுவது. நானும், நீங்கள் பதுளை ஆஸ்பத்திரியில் செய்து தந்த வலது காலும் இன்றுவரை சுகம். தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் அருள்புரிவாள். அவளால் வந்த சிக்கலைச் சொல்லத்தான் இந்தக் கடிதமும்.

காலை மாட்டி அனுப்பிய அன்று, "இதைத் தண்ணியில நனைக்காதேங்கோ, நெருப்புக்குக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, பாதம் முழுக்க ரப்பர்" என்று சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்ற என் மனைவி இராக்கம்மா ஆட்டவில்லை. காரணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. லொறியில் அடிபட்டு என் கால் போன சமயம், "என் வீட்டுக்காரருக்குத் திரும்பக் கால் கெடச்சா, அந்தக் காலாலேயே அவரத் தீ மிதிக்க வைக்கிறேன் ஆத்தா" என்று நேர்ந்துகொண்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏண்டி, ஒன் காலை நேர்ந்துக்கக் கூடாதா?" என்றேன்.

"காலு வேணும்னது ஒங்களுக்கு. நான் மிதிச்சா ஆத்தாள ஏமாத்துற மாதிரி இல்லையா?"

"ரப்பருடி. உருகிப் போகும்."

"குடுத்தவ காப்பாத்த மாட்டாளா?"

"குடுத்தது சிற்றம்பலம் ஐயா."

"அவரு மனசுல பூந்து குடுக்க வெச்சது யாருங்க?"

இதற்குப் பதில் தங்களிடம் இருந்தால் தெரிவிக்கவும்.

அடுத்த வெள்ளிக்கிழமை தீமிதிப்பு. கோயில் கமிட்டியிடம் போனால் அவளுக்குப் புத்தி சொல்வார்கள் என்று போனேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். தலைவர் இராசையா என் காலைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார், வந்தவரெல்லாம் தட்டிப் பார்த்தார்கள், ஒருவர் முகர்ந்தும் பார்த்தார், பிறகு இது காலா செருப்பா என்று விவாதம் தொடங்கிவிட்டது. "ரப்பர்னா செருப்புதாங்க, கோயில் வாசல்லயே கழட்டிடணும்" என்றார் ஒருவர். "காலுதான், அப்ப குழியில எறங்கித்தான் ஆகணும்" என்றார் இன்னொருவர். ஐயா, செருப்பு என்று முடிவானால் நான் சாமி கும்பிட நொண்டிக்கொண்டு போகவேண்டும், கால் என்று முடிவானால் அது குழியிலேயே போய்விடும். கைதூக்கி வாக்கெடுத்தார்கள். கால் வென்றது. உடனே பூசாரி எனக்குக் காப்புக் கட்டி, தினமும் காலையில் இரண்டு பாதங்களுக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். நனைக்கக்கூடாது என்று கத்தினேன். "ஆத்தா தண்ணிக்கு அந்தக் கணக்கு இல்லீங்க" என்றார். இப்போது சொந்தக் கால் என் நிறத்தில் இருக்கிறது, உங்கள் கால் மாம்பழ நிறத்தில் இருக்கிறது.

பக்கத்து இரும்புக்கடை ஜாபிர் நல்ல மனிதர். "ரப்பர் பாதத்துக்கு மேல போட்டுக்க தகரத்துல ஒரு சப்பாத்து அடிச்சுத் தாறேன் அண்ணே, யாருக்கும் வெளங்காது" என்றார். அதற்குமுன் ஒத்திகை பார்ப்போம் என்று பழைய ரப்பர் செருப்பு ஒன்றைத் தகரத்தில் சுற்றி அடுப்பில் வைத்தோம். அது பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு, பஜார் முழுக்க நாற்றம். ஜாபிர் என் முகத்தைப் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டார். நான் அன்று சாப்பிடவில்லை.

பயம் எனக்கு மட்டும் இருந்தால் சமாளித்திருப்பேன். கறி அடிப்பிடித்தால் நேர்த்திக்கடன், ஆடு இருமினால் நேர்த்திக்கடன், மின்சாரம் போனால் நேர்த்திக்கடன் என்று இராக்கம்மா அரை உயிராகிவிட்டாள். உட்கார்ந்தால் எழும்புகிறாள், எழுந்தால் வாசலுக்கு ஓடுகிறாள். மிதிக்காவிட்டால் அவள் படுத்துவிடுவாள். மிதித்தால் கால் போய்விடும், தையல் மெஷின் நின்றுவிடும், நான் பழையபடி ஊன்றுகோலோடு பொத்தான் தைக்க உட்கார்ந்துவிடுவேன். அந்த வாழ்க்கைக்குத் திரும்ப என்னால் முடியாது ஐயா. நீங்கள் எனக்குக் கால் தந்தது மெஷினை மிதிக்க, தீயை மிதிக்க அல்ல.

ஆகவே தயவுசெய்து, "இந்தக் கால் அரசாங்கச் சொத்து, தீயில் இறக்கக் கூடாது" என்று ஒரு கடதாசியில் எழுதி, மூன்று மொழியிலும் பெரிய சீல் குத்தி அனுப்பவும். கமிட்டி என்னை மதிக்காது, சீலை மதிக்கும். சீல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

தங்கள் கைகள் நீண்ட காலம் நோவில்லாமல் வேலை செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் காலில் நிற்கும்
இராமையா

பி.கு.: சீல் வேண்டாம். மழையில் பதுளைப் பாதை மண் சரிந்து அடைபட்டதால் இந்தக் கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது, திருவிழாவும் முடிந்துவிட்டது. நான் மஞ்சள் வேட்டியோடு குழிக்கு முன்னால் வரிசையில் நின்றேன். இடது கால் வெடவெடவென்று நடுங்கியது, உங்கள் கால் மட்டும் அசையவில்லை. என் முறை வந்ததும் இராக்கம்மா கூட்டத்தைப் பிளந்து வந்தாள். என்னைத் தரையில் உட்கார வைத்தாள், காலைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்தாள், காலைப் பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆத்தா, பொறுத்துக்க, இவரு மூஞ்சிய என்னால பாக்க முடியல" என்று சொல்லிக் குழிக்குள் இறங்கிவிட்டாள். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். அவள் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் ஓட எனக்குக் கால் வேண்டும், கால் அவளிடம் இருந்தது. கடைசியில் தலைவர் இராசையாதான் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார்.

காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் பாதங்களில்தான் கொப்புளம். டிஸ்பென்சரியில் மருந்து போட்டு, நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். படுத்ததும் குறட்டை விட்டுத் தூங்கினாள். ஊன்றுகோலோடு இருந்த நாளெல்லாம் என் இரண்டு கையும் அதற்கே சரியாகப் போயிற்று, ஒரு கோப்பை தேத்தண்ணியைக்கூட நான் யாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. இன்று காலை அடுப்படியிலிருந்து கட்டில்வரை அவளுக்குக் கொண்டுபோனேன் ஐயா. ஒரு சொட்டும் சிந்தவில்லை. சீனி காணாது என்று திட்டினாள்.