கல்யாணத் தாளில் காணாமல் போன இடைவெளி

அடுத்தவர் அச்சடித்ததில் குற்றம் கண்டுபிடிப்பதைப் போன்ற சுகம் எனக்கு வேறெதிலும் இல்லை. செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். எந்தச் சுவரொட்டியிலாவது இரண்டு வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு நின்றால், கையிலிருக்கும் டீ ஆறும்வரை அதைத் திட்டிக்கொண்டிருப்பேன். அந்தத் திமிரோடுதான் என் கல்யாணத் திருப்பலிக்கான தாளை நானே தயாரித்தேன். (வேறு கடையில் கொடுத்தால் என் மானம் என்னாவது?)

பாட்டு, ஜெபம், மணமக்கள் சொல்ல வேண்டிய வாக்குறுதி எல்லாம் அடங்கிய நாலு பக்கத் தாள் அது. கடைசியில் வரவேற்கும் உறவினர்களின் பெயர்கள். அச்சுக்குப் போகிற நேரத்தில் என் நைனா ஓடி வந்தார்.

"தொண்டூர் பங்காளிங்க அஞ்சு பேர விட்டுட்டியேடா. பேரு இல்லன்னா பந்தியில உக்கார மாட்டாங்க."

ஐந்து வரிக்கு இடமில்லை. தாள் முழுக்க வார்த்தைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கினேன். போதவில்லை, இன்னும் நெருக்கினேன். பங்காளிகள் ஐவரும் இனிஷியலோடு காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அவர்கள் பெயர்களை மட்டும் மூன்று முறை சரிபார்த்து அனுப்பிவிட்டேன்.

கோவிலில் பாட்டெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் யாரும் தாளைப் பார்க்கவில்லை. வாக்குறுதி நேரம் வந்தது. ஃபாதர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை திருப்பிச் சொல்வதுதான் வழக்கம். நானே அடித்தது, நானே படித்துக்கொள்கிறேன் என்று முதல் நாளே அவரிடம் வீராப்புப் பேசியிருந்தேன்.

தாளைப் பிரித்தால் ஒரு வரி முழுக்க ஒரே வார்த்தை. 'இன்பத்திலும்துன்பத்திலும்' என்று ஆரம்பித்து, எங்கே மூச்சு விடுவதென்று தெரியாமல் நின்றேன். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடியும் நின்றேன். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையோ என்று பெண் வீட்டார் பக்கம் முணுமுணுப்பு. மாமனார் எழுந்தே விட்டார். கல்யாணம் இத்தோடு போயிற்று என்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"முழுசா சொன்னாத்தாம்பா கல்யாணம்" என்றபடி ஃபாதர் தன் புத்தகத்தைத் தேடத் தொடங்கினார். அதற்குள் மணப்பெண் ஜெயமேரி முக்காட்டை ஒதுக்கி, என் தாளின்மேல் விரலை வைத்தாள். (அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.)

"என் வெரல் நிக்கிற எடத்துல நீங்களும் நில்லுங்க" என்றாள் மெதுவாக.

விரல் நகர்ந்தது, படித்தேன். நின்றது, நின்றேன். கடைசி வரியில் "சத்தமா" என்றாள். கத்தினேன். தன் முறை வந்தபோது அவள் தாளைப் பார்க்காமலே ஒப்பித்துவிட்டாள்.

வீடியோக்காரர் அந்த விரலைக் கிட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறார். கல்யாண நாள் வந்தால் என் பெண்கள் இரண்டு பேரும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேக் வெட்ட விடுவார்கள். போன வாரம் யாரையும் கேட்காமல் ஒரு சோபாவுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். பெரியவள் சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அம்மா, அப்பா வெரல் இல்லாம படிக்கிறாரு."

சோபா வரவில்லை.