அக்கரையில் அருவி

முடிக்கும் எனக்கும் ரொம்ப நாள் பழக்கம். முடிவுக்கும் எனக்கும்தான் ஆகாது. சலூன் வைத்திருக்கிறேனே தவிர, வீட்டில் எதையும் வெட்டிப் பேசியதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு முடிவெடுத்தேன். மனைவியை அருவிக்கு அழைத்துப் போவது.

காரணம் இருந்தது. மழைக்காலத்தில் அவளுடைய அக்கா தவறிவிட்டாள். தாயில்லாத இவளை இடுப்பில் வைத்து வளர்த்தவள். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். என்னைத் திட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். திட்டாத மனைவியோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

எங்கள் ஊர் தேசியப் பூங்காவின் வாசலை ஒட்டி இருக்கிறது. உள்ளே பெரிய ஏரி. அக்கரையில் அருவி. எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் பார்த்ததில்லை. படகில் போக வேண்டுமாம். எனக்குத் தண்ணீர் என்றால் தாடியை நனைக்கிற அளவு போதும். அதற்கு மேல் ஆகாது.

அதனால் முடிவோடு ஒரு திட்டமும் போட்டேன். படகோட்டி என் வாடிக்கையாளன். சவரம் செய்யும்போது பேச்சை எடுத்தேன்.

"நாளைக்கு நாங்க வருவோம். இன்ஜின் ரிப்பேர்னு சொல்லிடு. கரையிலிருந்தே அருவியைக் காட்டிட்டுத் திரும்பிடறேன்."

"அண்ணிகிட்டயா? பொய்யா? அண்ணே, அது..."

"அசையாதே. கத்தி கழுத்துல இருக்கு."

"ரிப்பேர்தாண்ணே. சுத்தமா ரிப்பேர்."

மறுநாள் படகுத்துறையில் நின்றோம். படகோட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தான். "இன்ஜின் போயிடுச்சு அண்ணி."

"அடடா!" என்றேன். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டேன்.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே ஓடிச்சு?" என்றாள் மனைவி.

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் என் பக்கமே திரும்பவில்லை. "தம்பி, ஒரு தடவை கயித்தை இழுத்துப் பாரேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏரியைப் பார்த்தேன். குழந்தையின் காதைத் தொடுவதுபோல் மெதுவாக இழுத்தான். துரோகி இன்ஜின், முதல் இழுப்பிலேயே உறுமியது.

ஏறினேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

"கண்ணைத் திறங்க. ஏரி எவ்வளவு அழகா இருக்கு!"

"நீ பார்த்துச் சொல்லு. போதும்."

சொன்னாள். தண்ணீர் ஓரத்தில் பச்சை, நடுவில் கறுப்பு என்றாள். ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்று நம்மையே முறைக்கிறது என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசுகிறாள். அதற்காகவே ஒரு கண்ணை மட்டும் திறந்தேன்.

அக்கரையில் அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. அவள் நேராக ஒரு தட்டைப் பாறைக்குப் போனாள். வீட்டுப் பெஞ்சில் உட்காருவதுபோல், பார்க்காமலே உட்கார்ந்தாள்.

"நீ இங்க வந்திருக்கியா?" என்று கத்தினேன்.

"நீங்க கடைக்குப் போனதும் வருவேன்."

"எதுக்கு?"

"அழ."

சரியாகத்தான் கேட்டதா என்று இன்னும் கிட்டே போனேன்.

"வீட்டுல அழுதா, வெந்நீர் போடவா, டாக்டரைக் கூப்பிடவான்னு நீங்க கிடந்து தவிப்பீங்க. உங்களைத் தேத்தவே எனக்கு நேரம் சரியாப் போயிடும். இங்க யாருக்கும் கேக்காது."

"இன்னிக்கு நானும் வந்துட்டேனே. எப்படி அழுவே?"

"சும்மா பக்கத்துல உக்காருங்க. எதுவும் செய்யாதீங்க."

உட்கார்ந்தேன். "அக்கா!" என்று அவள் வாய்விட்டுக் கூப்பிட்டாள். அருவி அதை வாங்கிக்கொண்டது. எதுவும் செய்யாமல் இருப்பதுபோல் கஷ்டமான வேலையை என் ஆயுசில் நான் செய்ததில்லை. அவள் பிறந்த வீட்டில் என் பக்கம் பேசிய ஒரே ஆள் அந்த அக்காதான். கொஞ்ச நேரத்தில் நானும் அழுதேன்.

பிறகு அவள் முகம் கழுவிக்கொண்டு, "பசிக்குது" என்றாள். கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டோம். உப்பு அதிகம் என்றேன். வாயை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகை நோக்கி நடந்தேன். அவளோ மரங்களுக்கு நடுவே திரும்பினாள்.

"அந்தப் பக்கம் எங்க?"

"வீட்டுக்கு. ஏரியைச் சுத்திப் புதுசாப் பாதை போட்டிருக்காங்களே. நான் எப்பவும் இதுலதான் நடந்து வருவேன்."

"அப்போ படகு எதுக்கு? என் உயிரே போச்சே!"

"நடந்து வந்திருந்தா வழக்கம்போல நீங்க முன்னாடி போயிருப்பீங்க. படகுன்னாத்தானே என் கையைப் பிடிப்பீங்க?"

போய் அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்க," என்றாள். "இங்கதான் தண்ணியே இல்லையே!"